ஐந்து பூட்ஸ் பாதை

மஸ்கட்டில் நடப்பதற்குக் கார் வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். எனக்கும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, ரூவியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு ஜீப் வந்து நிற்கும். அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை காலுறையும் அணிந்த வெள்ளைக்காரர்கள் தண்ணீர்க் கேன்களையும் கயிற்றுச் சுருளையும் ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், மரம் மட்டை இல்லாத மலையில் வெயில் குடித்தபடி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வீடு சேர்வார்கள். போன இடத்தில் பார்க்க வேண்டிய ஆள் யாரும் கிடையாது. வாங்கிவர வேண்டிய பொருளும் கிடையாது. என் மனைவி சரோஜா பால்கனியில் துணி உலர்த்தியபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: “நம்ம ஊர்ல நடக்கறவன் எல்லாம் எப்போ வண்டி வாங்கலாம்னு பார்க்கறான். இவா வண்டியை வச்சுண்டு எங்கே நடக்கலாம்னு தேடறா.” வளைகுடாவைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் என் மேலதிகாரி, ஆல்டன். ஆறடிக்கு மேல் உயரம். வெயிலில் உரிந்து உரிந்து ஓய்ந்துபோன மூக்கு. நான் அப்போது ஓர் ஆங்கிலேய ஆலோசனைக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாடே அவசரமாகப் புதிதாகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, சாக்கடை எங்கே என்று அரசாங்கம் கேட்க, எங்களைப் போன்ற கம்பெனிகள் கெட்டி அட்டை போட்ட அறிக்கைகளில் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. ஒருநாள் ஆல்டன் வாயெல்லாம் சிரிப்பாக வந்தார். உள்நாட்டு மலையில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது, வாடி என்பார்கள். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே மைல் கணக்கில் ஓடும் வறண்ட ஆறு. அதைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கலாமா என்று அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அதில் ஏழாவது அத்தியாயம் ‘சிறந்த நடைபாதைகள்’. அதோடு வெளிநாட்டுக்காரர்களுக்காக அழகான ஒரு கையேடும் போடப்போகிறோம், உன் பெயரும் அதில் அச்சாகும் என்றார். ஒவ்வொரு பாதைக்கும் எவ்வளவு கடினம் என்று காட்டப் படத்தில் பூட்ஸ் வரைய வேண்டும். சுலபமான பாதைக்கு ஒரு பூட்ஸ், உயிரை வாங்கும் பாதைக்கு ஐந்து. பன்னிரண்டு வருடம் மதகும் கால்வாயும் வரைந்த கை இது. பூட்ஸ் வரைய வரவில்லை. என் ஆபீஸ் செருப்பை மேசைமேல் வைத்துப் பார்த்து வரைந்தேன். ஆல்டன் பார்த்துவிட்டு, இது வாத்து மாதிரி இருக்கிறது என்றார்.

மலையேறுவது எனக்கு ஒன்றும் புதிதல்ல. திருச்சிக்காரன். உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளை எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை. பரீட்சைக்கு முன்னால், வேலைக்கு மனுப் போட்டபின், கல்யாணமான மறுவாரம் என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் இருந்தது, மேலே ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்புகூடக் கிடையாது. மூட்டுவலிக்காரர்களும் இடுப்பில் பிள்ளையோடு பெண்களும் ஏறும் அந்தப் படிகளுக்கு எத்தனை பூட்ஸ் போடலாம் என்று யாரும் யோசித்ததில்லை. என் மனசில் இருந்த கேள்வியை எங்கள் செயின்மேன் கருப்பையா வாயால் கேட்டேவிட்டார். அவர் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், நாற்பத்தைந்து வயசிருக்கும். அளவுச் சங்கிலியும் கம்பும் தூக்குவது அவர் வேலை. முதல்நாள் ஜீப்பிலிருந்து இறங்கி, நிமிர்ந்து மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மேல என்ன சார் இருக்கு, கோயிலா?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். “பெறகு எதுக்கு ஏறணும்?” இதை ஆல்டனுக்கு மொழிபெயர்த்தேன். அருமையான கேள்வி என்று சொல்லி அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பதில் மட்டும் சொல்லவில்லை.

ஆனால் மேலே ஒன்று இருந்தது. ஊர் இருந்தது. பாறைச் சுவரின் பாதி உயரத்தில், ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டு பதினொரு கல்வீடுகள், கொஞ்சம் பேரீச்ச மரங்கள், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு சிறு வாய்க்கால். கை அகலம்தான் இருக்கும். மலையின் எந்த மடியிலிருந்தோ கிளம்பி, பாறையைச் செதுக்கிய வழியில், சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்தது. கருப்பையா அதன் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. எங்க ஊர் ஆளுகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாமப் போச்சே சார் என்றார். அந்த மலையில் அவருக்கு அதிசயமாகப் பட்டது அது ஒன்றுதான். ஆல்டனுக்கு ஒவ்வொரு கல்லும் அதிசயம். ‘லவ்லி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் ஒரு பகல் முழுவதையும் கடத்தினார்.

ஊருக்குப் பெரியவர் ஸயீத். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லியான, விறைப்பான ஆள். வாலிபத்தில் குவைத்தில் இந்தியர்களோடு வேலை செய்தவர் என்பதால் அவருக்கு இந்தி வந்தது. எனக்கும் வளைகுடாவுக்கு வந்தபின் ஒட்டிக்கொண்ட இந்திதான். அரைகுறை இந்தியும் அரைகுறை இந்தியும் சேர்ந்தால் முழுதாகப் புரிந்துவிடும். ஆல்டன் அதை ஏற்கவில்லை. நேரடியாக அரபியில் பேசுவேன் என்று பிடிவாதம். அவருக்குத் தெரிந்த முப்பது சொற்களில் ஒன்று தரீக். வழி, பாதை என்று அர்த்தம். சாலை என்றாலும் அரபியில் அதே தரீக்தான். இந்தக் கதையின் வில்லங்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. நல்ல தரீக் எங்கே என்று ஆல்டன் கேட்டார். இங்கே நல்ல தரீக் எதுவும் இல்லை, மாஃபி, என்று ஸயீத் கையை விரித்தார். ஆல்டன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, உங்கள் தரீக்கை உலகமே பார்க்கப்போகிறது, அதற்காகத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்றார். ஸயீத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, பிறகு அல்வாவும் வந்தது. வீட்டு விசேஷத்துக்கு எடுத்து வைத்தது என்று பிறகு தெரிந்தது.

திரும்பும்போது ஸயீத் என்னைத் தனியே இழுத்து, ரோடு எப்போது வரும் பாயி என்று இந்தியில் கேட்டார். மேலே வரைக்கும் வண்டி வருமா, அல்லது பாதி மலையோடு நின்றுவிடுமா என்று கேட்டார். பிறகு, கேட்காமலே, காரணமும் சொன்னார். போன வருடம் அவர் மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கல். போர்வையில் கிடத்தி, நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்து, அந்தப் பாறைப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் இறக்கிவைத்துப் பார்த்தபோது மூச்சு இல்லை. வயிற்றிலிருந்த பிள்ளையும் போய்விட்டது. அந்த இடத்தைக் கையால் காட்டினார். குரலில் எந்த மாற்றமும் இல்லை, மதகு எங்கே உடைந்தது என்று காட்டுகிற மாதிரி. அவர் காட்டிய அந்தப் பாதைக்குத்தான் ஆல்டன் அன்று காலை நோட்டில் ஐந்து பூட்ஸ் போட்டிருந்தார். அதோடு, அறிக்கையின் வரைவை நான் படித்திருந்தேன். பூங்காவுக்குள் வாகனச் சாலை எதுவும் போடக்கூடாது, போட்டால் நடைபாதைகளின் தன்மை கெட்டுவிடும் என்று அதில் தெளிவாக இருந்தது. நான் ஸயீத்திடம் இன்ஷா அல்லா என்றேன். அவர்கள் நம்பிக்கையோடு சொல்லும் சொல்லை நான் தப்பித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

கருப்பையாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் ‘ரோடு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது; பூங்காவில் ரோடு கிடையாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். இறங்கி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “ரோடு வராதுன்னு சொல்லிப்புடுங்க சார். தண்ணி குடுத்த மனுசங்க.” சொல்லலாம், அடுத்த தடவை சொல்லலாம் என்றேன். அடுத்த தடவையும் போனோம். அதற்கடுத்த தடவையும் போனோம். ஊர்க்காரர்கள் எங்களுக்காகப் பாதையிலிருந்த கற்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள், சாலை போட வசதியாக. ஆல்டன் அதைப் பார்த்து முகம் சுளித்தார், இயற்கையைக் கலைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். உங்கள் உழைப்புக்கு நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் போட்டவன். ஒரு சின்ன அணை கட்டினார்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று படத்தில் கோடு போட்டு, கோட்டுக்குள்ளே நீலம் அடிக்க வேண்டும். மூன்று குடியிருப்புகள் கோட்டுக்குள் வந்தன. நீலம் அடித்தேன். நல்ல சாயம், ஒரு திட்டு இல்லாமல் சமமாகப் படிந்தது, தலைமை டிராஃப்ட்ஸ்மேன் பாராட்டினார். ஒருநாள் அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் மனுவோடு வந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்று, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, நீலத்தின்மேல் விரலை வைத்து, “இதுல எங்க வீடு எதுங்க?” என்று கேட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது என்று அப்போது நினைத்தேன். வளைகுடாவுக்கு வந்ததும் அதையெல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும் நினைத்தேன்.

கடைசிப் பயணத்தில்தான் அது நடந்தது. ஐந்து பூட்ஸ் பாதையை ஆல்டன் முழு முறைப்படி ஏறிப் பார்க்க விரும்பினார். கயிறு, விசில், உப்பு மாத்திரை எல்லாவற்றோடும் கிளம்பினார். வழிகாட்ட ஸயீத்தும் கூட வந்தார். ஒரு முடுக்கில் பாறையில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு பெண் வந்தாள். வெறும் கால். தலையில் ஒரு சுமை விறகு. வழிவிடச் சொல்லிக் காத்திருந்தாள். கயிற்றைப் பார்த்தாள், ஆல்டனைப் பார்த்தாள், ஸயீத்திடம் எதையோ கேட்டுவிட்டு அவரைத் தாண்டி இறங்கிப் போனாள். என்ன கேட்டாள் என்றேன். ஸயீத் கொஞ்சம் தயங்கி, இவர் இங்கே எதைத் தொலைத்தார், இத்தனை நாளாகத் தேடுகிறாரே என்று கேட்கிறாள் என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அதற்குப் பிறகு இருபது அடிகூடப் போயிருக்க மாட்டோம். ஆல்டன் நின்ற கல் புரண்டது. வலது கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவர் அழவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விசிலை மட்டும் மூன்று தடவை ஊதினார், முறைப்படி. ஊரிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். போர்வை வந்தது. அந்த ஆறடி உடம்பை அதில் கிடத்தி, மூன்று முனையை ஸயீத்தும் ஊர்க்காரர்கள் இருவரும் பிடிக்க, நான்காவதைக் கருப்பையா பிடித்தார். நம்ம பக்கம் நாலு பேரு சேர்ந்து பொணத்தத்தான் சார் தூக்குவாக, என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, போர்வை முனையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். சில இடங்களில் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு திருப்பத்தில் ஸயீத் ஒரு கணம் நின்றார். எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. அவர் மறுபடி தூக்கினார். ஜீப்பில் ஏற்றியபின், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்: “ஸாஹிபிடம் சொல்லு பாயி. இப்போ அவருக்கே தெரியும்.”

அதை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். சாலை வரப்போகிறது என்று இவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும், ஸயீத் மனைவியின் விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். ஆல்டன் வலியில் வெளுத்துப்போயிருந்தார். கேட்டு முடித்து, ஸயீத்தின் கையைப் பிடித்து, கண் கலங்க, அற்புதமான மக்கள், இவர்களுடைய வாழ்க்கையில் ஒரு துரும்பைக்கூட மாற்றக்கூடாது என்றார். ஸயீத் என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். ஆல்டனை லண்டனுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து ஏழாவது அத்தியாயத்துக்கு ஒரு பத்தி எழுதி அனுப்பினார். விபத்து நேர்ந்தால், உள்ளூர் மக்கள் காயமடைந்தவரைப் போர்வையில் திறமையாகக் கீழே கொண்டுவருகிறார்கள் என்பது நேரடி அனுபவத்தில் தெரிந்தது. எனவே வாகனச் சாலைக்கு அவசியம் இல்லை. தட்டெழுதி வந்த அந்தத் தாளை நான் மூன்று தடவை படித்தேன்.

இறுதி வரைபடத்தை நான்தான் மை போட்டு முடிக்க வேண்டும். நடைபாதைக்கு அடையாளம் ஒற்றைப் புள்ளிக்கோடு. திட்டமிட்ட வாகனச் சாலைக்கு இரட்டைக் கோடு. ஐந்து பூட்ஸ் பாதையின் இடம் வந்தபோது பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் டீ குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, இரட்டைக் கோடு போட்டேன். பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து பதினொரு வீடுகள் வரை, ஏற்றம் பார்த்து, வளைவு பார்த்து, ஒரு வண்டி நிஜமாகவே ஏறக்கூடிய விதத்தில் போட்டேன். வீர உணர்ச்சி எதுவும் இல்லை. கை வியர்த்து ட்ரேசிங் பேப்பரில் ஒட்டியது. வீட்டுக்குப் போய் சரோஜாவிடம் சொன்னேன். எங்கள் பெண்ணுக்கு அப்போது நான்கு வயசு, அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் போடுவதாக இருந்தோம். கேட்டா என்ன சொல்லப்போறேள் என்றாள் அவள். கை தவறிப்போச்சுன்னு சொல்வேன் என்றேன்.

கேட்டார்கள். அறிக்கை போன இடத்து அதிகாரி இளைஞர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், வெள்ளை அங்கியில் ஒரு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். ஆல்டன் இல்லாததால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு கையில் அறிக்கை, மேசைமேல் என் படம். அறிக்கையில் சாலை இல்லை என்றிருக்கிறது, படத்தில் சாலை இருக்கிறது, இரண்டில் எது சரி என்று ஆங்கிலத்தில் கேட்டார். கை தவறிவிட்டது என்ற வாக்கியம் தொண்டைவரை வந்து தயாராக நின்றது. வேலைக்கு ஜாமீன் நிற்கும் கஃபீல், விசா, பெண்ணின் பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. அந்த அதிகாரி சும்மா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் படத்தின்மேல் விரலை வைத்து, அந்தப் பதினொரு சின்னச் சதுரங்களைக் காட்டி, இங்கே யார் வீடு என்று கேட்டார். திருச்சியில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றவரை எனக்கு அந்த இடத்திலா ஞாபகம் வர வேண்டும்.

“படம்தான் சரி, சார்,” என்றேன்.

பிறகு ஸயீத்தைப் பற்றிச் சொன்னேன். என் அம்மாவின் ஊரும் மலைதான் என்று மட்டும் அந்த அதிகாரி கடைசியில் சொன்னார்.

ஆல்டன் கைத்தடியோடு திரும்பி வந்தபோது கீழ் முனையில் யந்திரங்கள் மண் தள்ளத் தொடங்கியிருந்தன. அவர் என்மேல் கத்தவில்லை. நம்பிக்கைத் துரோகம் என்ற சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார். அது சரியான சொல்தான். ஆனால் அந்த மலையில் நான் செய்த பல துரோகங்களில் இது ஒன்றைத்தான் அவர் கண்டுபிடித்தார். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. கலாஸ், அவ்வளவுதான். மூன்று வாரம் ரூவியில் கடைகடையாக, கம்பெனி கம்பெனியாக நடந்தேன். அந்த நடைக்கு எத்தனை பூட்ஸ் என்று அவரைக் கேட்டிருக்கலாம். கடைசியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்தது. கையேடு அச்சாகி வந்தது. என் பெயர் இல்லை. பூட்ஸ்களையும் வேறு யாரோ திருத்தி வரைந்திருந்தார்கள், இப்போது பூட்ஸ் மாதிரியே இருந்தன. ஐந்து பூட்ஸ் போட்டிருந்த பாதைக்கு எதிரே மட்டும் பூட்ஸ் இல்லை. இப்பாதை சாலையால் கெட்டுவிட்டது, தவிர்க்கவும் என்று போட்டிருந்தது.

சாலை முடிந்து ஒரு வருடம் கழித்து, சரோஜாவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நண்பர் ஒருவரின் காரில் போனேன். பெண் வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு ரைம் பாடிக்கொண்டு வந்தாள். ஊரில் ஏழு வீடுகள் பூட்டியிருந்தன. வண்டி ஏற முடிந்த வழியில் வண்டி இறங்கவும் முடியும் என்பதைப் படம் போட்டபோது நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் கீழே, ஆஸ்பத்திரி கீழே, வேலையும் கீழே. ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஸயீத்தும் கீழே டவுனில் மகனோடு இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் மேலே வந்து வாய்க்காலைத் துப்புரவு செய்து, மரங்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுவாராம். அன்று வெள்ளிக்கிழமை. எங்களைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அவருக்கு இந்தியே மறந்துவிட்டது. போன மாதம் மருமகளுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். பூட்டிய வீடுகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ரோட்டுக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா என்றார். ஸாஹிப் ரோடு. “அவர் காலை உடைச்சுக்கிட்டு எங்களுக்கு வழி குடுத்தார், பாயி. அவருக்கு எழுதும்போது என் சலாம் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். வெளியே வந்ததும் சரோஜா, உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றாள். எதை என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் போட்டேன் என்பதையா, அல்லது அதனால்தான் ஏழு வீடு பூட்டிக்கிடக்கிறது என்பதையா?

மாலையில் ஸயீத்தின் பிக்கப் வண்டிக்குப் பின்னாலேயே இறங்கினோம். அதில் இரண்டு வெள்ளாடுகள் நின்றன. மேய்ச்சல் மேலே, கொட்டில் கீழே என்பதால் வாராவாரம் வண்டியில்தான் போய்வருகின்றனவாம். அடுத்த வாரம் நாங்கள் லீவில் ஊருக்குப் போவதாக இருந்தது. ஊருக்குப் போறோம் என்று இங்கே சொல்லிக்கொண்டு கிளம்புகிறோம், மாதம் முடிந்ததும் போயிட்டு வரோம் என்று அங்கே சொல்லிக்கொண்டு கிளம்புகிறோம், இதில் எது போவது, எது வருவது என்று பெண் ஒருநாள் கேட்கத்தான் போகிறாள் என்று சரோஜா சொல்லிக்கொண்டு வந்தாள். சாலை கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து இறங்கியது. நான் போட்ட வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்ப, பின்னால் நின்ற கறுப்பு ஆடு, கால் ஒன்றைக்கூட நகர்த்தாமல், ஒரு தடவை மலையைப் பார்த்தது, ஒரு தடவை சமவெளியைப் பார்த்தது.